முதலில் ஸாக்கெட், அப்புறம் பிளேடு

37 வயதான முன்னாள் தரைப்படை வீரர் ஒருவர் எழுதியிருக்கிறார். நாடு, படைப்பிரிவு, பெயர் எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறோம். கடிதத்தின் சுருக்கம் இது:

நான்கு ஆண்டுகளுக்கு முன் பயிற்சிக்குப் போன வண்டி சரிவில் கவிழ்ந்ததில் இவருடைய இடது கால் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. உடன் இருந்த இரண்டு தோழர்கள் இறந்துபோனார்கள். இப்போது செயற்கைக்காலில் நன்றாக நடக்கிறார். ஆனால் தூக்கம் சரியில்லை, திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது, வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்கிறார். படபடப்புக்குப் புரோப்ரனலால் 40 மி.கி. நாளுக்கு இரண்டு, மன அழுத்தத்துக்கு செர்ட்ரலின், காலில் வலி கூடும் இரவுகளில் டிராமடால் சாப்பிடுகிறார். ஆறு மாதமாகத் தினமும் போடும் அதே செயற்கைக்காலோடு, விநாடிகளை எண்ணி, ஓடிப் பழகுகிறார். ஸ்டம்பின் (வெட்டியபின் எஞ்சிய காலின்) முன்பக்கம், எலும்பு முனைக்கு மேலே, தோல் அடிக்கடி உரிகிறது. சாயங்காலத்துக்குள் 12 பிளை (தடிமன் அளவு) சாக்ஸ் போட வேண்டியிருக்கிறது. 2027 ஜூலையில் பர்மிங்காமில் நடக்கவிருக்கும் இன்விக்டஸ் (காயமடைந்த, நோயுற்ற படைவீரர்களுக்கான சர்வதேச) போட்டிகளுக்கான நாட்டு அணித் தேர்வு முகாமுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. 100 மீட்டர், 200 மீட்டர், வில்வித்தை ஆகியவற்றுக்குப் பெயர் கொடுக்க நினைக்கிறார். நண்பர் ஒருவர் தான் பயன்படுத்திய ஓட்டப் பிளேடை (ஓடுவதற்கான வளைந்த கார்பன் பாதத்தை) தர முன்வந்திருக்கிறார். நண்பரின் எடை 68 கிலோ, இவருடைய எடை 84.

கேட்பவை: போரில் காயம்படாத எனக்கு அங்கே நிற்க உரிமை உண்டா? அந்தப் பிளேடை வாங்கலாமா? மனநலச் சிகிச்சையைப் படிவத்தில் மறைத்தால் தேர்வாக வாய்ப்புக் கூடுமா? அங்கே பதக்கம் வாங்கினால் பாராலிம்பிக்ஸுக்குப் போகலாமா? நான் ஓடுவதைப் பார்த்தால் ஊனமுற்றோர் ஓய்வூதியத்தைக் குறைத்துவிடுவார்களா? கடைசியில், இவருடைய மனைவி சேர்க்கச் சொன்ன ஒரு கேள்வி: தொடக்கத் துப்பாக்கிச் சத்தத்தை இவர் எப்படித் தாங்குவார்?

வணக்கம் நண்பரே,

நீங்கள் முதலில் கேட்ட கேள்விதான் உங்களை அதிகம் அரித்துக்கொண்டிருக்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தகுதி உண்டா?

உண்டு. இன்விக்டஸ் போட்டிகள் போர்முனையில் குண்டடி பட்டவர்களுக்கு மட்டுமானவை அல்ல. பணிக்காலத்தில் காயமடைந்தவர்கள், விபத்தில் சிக்கியவர்கள், நோய்வாய்ப்பட்டவர்கள் ஆகிய மூன்று தரப்பினருக்கும் பொதுவானவை. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் மனக்காயத்தோடு வாழ்பவர்களும் அங்கே போட்டியிடுகிறார்கள். பயிற்சி வண்டி கவிழ்ந்து காலை இழந்தவர் அந்த வரிசையில் நிற்க யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் "எனக்கு உரிமை உண்டா" என்று நீங்கள் கேட்டதற்குக் காரணம் போட்டி விதி அல்ல, இறந்துபோன அந்த இருவர் என்று நினைக்கிறேன். தாம் மட்டும் பிழைத்துக்கொண்டோம் என்ற குற்றவுணர்வு விபத்தில் தப்பியவர்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது. அதை ஒரு பதக்கத்தால் அடைத்துவிட முடியாது. உங்கள் மனநல ஆலோசகரிடம் இதை இதே சொற்களில் சொல்லுங்கள். மாத்திரைக்கு அப்பால் பேச்சுவழிச் சிகிச்சை எதுவும் நடப்பதாக நீங்கள் எழுதவில்லை. நடக்கவில்லை என்றால், ஓட்டப் பயிற்சியைவிட முதலில் தொடங்க வேண்டியது அதுதான்.

நடைமுறை பற்றி ஒன்று. இந்தப் போட்டிகளுக்குத் தனிநபர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. இன்விக்டஸ் அறக்கட்டளை நாடுகளை அழைக்கும், ஆட்களை நாட்டு அணி தேர்ந்தெடுக்கும். "யார் வேகமோ அவர்தான் போவார்" என்று நினைத்து நீங்கள் விநாடிக் கணக்கில் பயிற்சி செய்கிறீர்கள். பல அணிகள் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. இந்தப் பயணம் இவருடைய மீட்சிக்கு எவ்வளவு உதவும், பயிற்சிக்கு ஒழுங்காக வருகிறாரா, அணியில் மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார் என்பதெல்லாம் நேரத்தோடு சேர்ந்தே எடைபோடப்படும். உடைந்த தோலோடு முகாமுக்கு வந்து முதல் நாளே நொண்டுகிறவரைவிட, தன் உடம்பின் எல்லை தெரிந்து ஒரு விளையாட்டை நிதானமாகக் கற்றவர் தேர்வாளருக்கு நல்ல தேர்வாகத் தெரிவார்.

ஸ்டம்பும் ஸாக்கெட்டும்

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன இரண்டு வரிகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன: 12 பிளை சாக்ஸ், எலும்பு முனையில் உரியும் தோல். இரண்டும் ஒரே கதை.

காலை எடுத்தபின் ஸ்டம்ப் நாளடைவில் வற்றும். தசை சுருங்கும், வீக்கம் வடியும். அன்று அளவெடுத்துச் செய்த ஸாக்கெட், அதாவது ஸ்டம்ப் நுழையும் செயற்கைக்காலின் கூடு, இன்று உங்களுக்குப் பெரிது. அந்த இடைவெளியைச் சாக்ஸால் நிரப்புகிறீர்கள். ஐந்தாறு பிளை வரை அது சரி. பத்தைத் தாண்டினால் ஸாக்கெட்டின் வடிவமே உங்கள் காலோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். சாக்ஸ் சுற்றளவைத்தான் கூட்டும், வடிவத்தைத் திருத்தாது. எடையைத் தாங்க வேண்டிய இடங்கள், அதாவது முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாணும் கெண்டைக்காலின் பக்கங்களும், இப்போது அதைத் தாங்கவில்லை. நீங்கள் ஸாக்கெட்டுக்குள் கீழே இறங்கிப்போய் எலும்பு முனையால் அடித்தட்டில் நிற்கிறீர்கள். நடக்கும்போது அது சிறு உறுத்தல்தான். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரண்டு, மூன்று மடங்கு அந்த நாணய அளவு தோலில் விழுகிறது. தோல் உரியாமல் என்ன செய்யும்?

செயற்கைக்கால் வல்லுநரிடம் போகும்போது ஸாக்கெட்டின் அடியில் ஒரு சிறு களிமண் உருண்டையை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். காலைப் போட்டு எடையை ஊன்றி எடுத்தால், உருண்டை அப்பளமாக நசுங்கியிருந்தால் நீங்கள் அடியில் மோதுகிறீர்கள். அப்படியே உருண்டையாக இருந்தால் முனைக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறது. அதுவும் நல்லதல்ல, வெற்றிடத்தில் தோல் உறிஞ்சப்பட்டு வீங்கித் தடித்துக் கருக்கும். இலேசாக அமுங்கியிருந்தால்தான் பொருத்தம் சரி. கூடவே ஓர் எக்ஸ்ரேயும் எடுத்துப் பாருங்கள். நசுங்கிய கால்களில் எலும்பு முனையில் முள்போல வளர்ச்சி வருவதுண்டு. அது இருந்தால் ஸாக்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் தோல் உரிந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே என் முதல் ஆலோசனை உங்களுக்குப் பிடிக்காது: தோல் முழுக்க ஆறும்வரை ஓடாதீர்கள். புண் திறந்திருக்கும் நாட்களில் செயற்கைக்காலே வேண்டாம், ஊன்றுகோலில் நடங்கள். அது பின்வாங்கல் ஆகாது. தொற்று எலும்புக்கு இறங்கினால் இன்னும் மேலே வெட்ட வேண்டிவரும். இப்போது உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து உங்கள் முழங்கால் மூட்டு, அதைப் பணயம் வைக்காதீர்கள்.

புதிய ஸாக்கெட் வந்தபின் முதல் நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால் அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு வல்லுநரிடம் காட்டுங்கள். சிலிகோன் லைனர் (ஸ்டம்பின் மேல் போடும் மெத்தென்ற உறை) இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். வாசனை இல்லாத சோப்பில் தினமும் இரவு கழுவி, விடியும்வரை உலர விடுங்கள். பயிற்சியின்போது 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி லைனருக்குள் தேங்கும் வியர்வையைத் துடையுங்கள். லைனர் வழுக்கினால் அந்த உராய்விலேயே கொப்புளம் வரும்.

நண்பரின் பிளேடு

வாங்காதீர்கள். அவர் நல்ல மனதோடுதான் தருகிறார், ஆனால் பிளேடு செருப்பு அல்ல. கார்பன் நாரின் விறைப்பு ஆளின் எடைக்கும் ஓட்டத்தின் வேகத்துக்கும் ஏற்பப் பல படிகளில் செய்யப்படுகிறது. 68 கிலோ ஆளுக்கான பிளேடு 84 கிலோவுக்கு மிக மெத்தென்று இருக்கும். முழு வேகத்தில் அது அளவுக்கு மீறி வளையும், அந்தப் பக்கம் இடுப்பு சரியும், நாளடைவில் இடுப்பும் வலது முழங்காலும் விலை கொடுக்கும். ஒரு கால் இழந்தவர்களுக்கு நல்ல காலின் முழங்கால் மூட்டுதான் முதலில் தேயும் என்பதை மறந்துவிடாதீர்கள். போதாக்குறைக்குப் பழைய கார்பனில் உள்ளே படலம் பிரிந்திருந்தாலும் வெளியே தெரியாது. வளைக்கும்போது "டிக்" என்ற சத்தம், விளிம்பில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடு, இவை எச்சரிக்கை. எதுவுமே இல்லாமல் உடைவதும் உண்டு.

அதோடு, பிளேடு தனியாக வேலை செய்யாது. அது ஸாக்கெட்டின் நுனியில் மாட்டிய வில். நன்றாகப் பொருந்தாத ஸாக்கெட்டில் நல்ல பிளேடு மாட்டினால் தோல் இன்னும் சீக்கிரம் உரியும், வேகம் கூடுகிறதல்லவா. ஓட்டத்துக்கென்று தனி ஸாக்கெட், இறுக்கமான பிடிப்பு, பிளேடு பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்த சீரமைப்பு (எடை விழும்போது அது அமுங்கும் என்பதால்) எல்லாம் சேர்ந்துதான் ஓடும் கால் ஆகிறது. விரைவோட்டப் பிளேடில் குதிகால் கிடையாது என்பதால் அதில் சும்மா நிற்பதே சிரமம்.

புதிய ஸாக்கெட்டில் நான்கு வாரம் தோல் உரியாமல் இருந்து, 30 நிமிட வேக நடை வலியில்லாமல் முடிந்தபின், ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஆறு முறை, வாரத்துக்கு மூன்று நாள் என்று தொடங்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். புண் ஆற, ஸாக்கெட் வர, பழக, பிளேடு வர என்று ஐந்து மாதமும் அதிலேயே போய்விடும். முகாமில் முழு வேகத்தில் 100 மீட்டர் ஓட உங்கள் கால் தயாராக இருக்காது.

வேறு எதற்குப் பெயர் கொடுக்கலாம்?

விளையாட்டுப் பட்டியல் போட்டிக்குப் போட்டி மாறும். 2025 பிப்ரவரியில் வான்கூவரிலும் விஸ்லரிலும் நடந்தபோது பனிச்சறுக்கு வகைகள் முதல்முறையாகச் சேர்ந்தன, தடகளமும் வில்வித்தையும் இல்லை. ஒரே விளையாட்டில் எல்லா நம்பிக்கையையும் வைக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம். உங்கள் நிலைக்கு நான் முதலில் சொல்வது உள்ளரங்கத் துடுப்பு. இன்விக்டஸில் அது ஒரு நிமிட விரைவுப் போட்டி, நான்கு நிமிடத் தாங்குதிறன் போட்டி என்று இரண்டாக நடக்கும். அடியெடுத்து வைக்கும் அதிர்ச்சி அதில் இல்லை.

ஆனால் அதிலும் ஒரு கால் செயற்கையாக இருப்பவர்களுக்கென்று தொல்லைகள் இருக்கின்றன, பயிற்சியாளர்கள் பலருக்கு இவை தெரியாது. முன்னால் குனிந்து முழங்காலை மடக்கும்போது ஸாக்கெட்டின் பின்விளிம்பு தொடையின் பின்நாண்களைக் கிள்ளும். அந்த விளிம்பைத் தாழ்த்தி வெளிப்புறம் விரித்துத் தரச் சொல்லுங்கள். செயற்கைப் பாதம் கணுவில் மடங்காது என்பதால் குதி மேலெழும், அந்தப் பக்கம் இழுப்பு குறுகும், முதுகு முறுகும். குதிக்கு அடியில் ஒரு சாய்வுக்கட்டை வைத்தால் பெருமளவு சரியாகும். பாதம் வாரிலிருந்து நழுவாமல் கூடுதலாக ஒரு பட்டை கட்டிக்கொள்ளுங்கள். செயற்கைக்காலைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலால் இழுப்பவர்களும் உண்டு, தினசரிப் பயிற்சிக்கு அது இடுப்பைக் கெடுக்கும். இயந்திரத்தின் பக்கத்திலுள்ள நெம்பை 10இல் வைத்தால்தான் வலிமை என்று நினைப்பது பொதுவான தவறு. அது காற்றோட்டத்தை மட்டும்தான் மாற்றுகிறது. 3க்கும் 5க்கும் இடையில் வைத்துக் கால்களால் தள்ளக் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: புரோப்ரனலால் இதயத் துடிப்பின் உச்சத்தைக் குறைத்துவிடும். ஆகவே கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு மண்டலங்களை நம்பிப் பயிற்சி செய்யாதீர்கள். முழு வாக்கியம் பேச முடிகிறதா, இரண்டு சொல்தான் வருகிறதா என்று மூச்சை வைத்து அளவிடுங்கள்.

இரண்டாவதாக, உட்கார்ந்து ஆடும் கைப்பந்து. 10 மீட்டருக்கு 6 மீட்டர் ஆடுகளம், ஆண்கள் வலை 1.15 மீட்டர் உயரம். பந்தை அடிக்கும் கணத்தில் புட்டம் தரையைவிட்டு எழக்கூடாது என்பதுதான் பழக வேண்டிய விதி. செயற்கைக்காலே தேவையில்லை, தரையில் தேயாமல் ஸ்டம்புக்கு மெத்தையுறை போட்டால் போதும். கைகளாலேயே நகர்வதால் முதல் மாதம் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். தனி ஓட்டத்தைவிட இதில் உங்களுக்கு இன்னொரு லாபம் இருக்கிறது: சுற்றி ஐந்து பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்கிறேன் என்று எழுதியவருக்கு நான் இதைத்தான் எழுதித் தருவேன்.

மாத்திரைகள்: மறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்

வில்வித்தைக்கும் புரோப்ரனலாலுக்கும் ஒத்துவராது. புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் இதயத் துடிப்பைத் தணித்துக் கைநடுக்கத்தை அடக்குவதால், உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையின் பட்டியல் வில்வித்தையிலும் துப்பாக்கி சுடுதலிலும் அவற்றைத் தடை செய்கிறது. போட்டி நாளில் மட்டுமல்ல, பயிற்சிக் காலத்திலும். சிகிச்சைக்கான விலக்கு என்று ஒரு வழி உண்டு, ஆனால் மருந்தின் பலன் நேரடியாக அம்பில் தெரிவதால் இந்த விஷயத்தில் அதைப் பெறுவது கடினம். உங்கள் தேர்வு முகாமில் எந்த விதி பொருந்தும் என்பதை அணி மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாராலிம்பிக் பாதையில் போனால் இந்தப் பட்டியல் கட்டாயம் பொருந்தும்.

"அப்படியென்றால் ஒரு மாதம் முன்னதாக நிறுத்திவிடுகிறேன்" என்று நினைக்கத் தோன்றும். புரோப்ரனலாலைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். படபடப்பு மறுபடி தலைதூக்கும் என்றால் வில்லை விடுங்கள், மாத்திரையை வைத்துக்கொள்ளுங்கள்.

டிராமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்ட மருந்து. தடையை விடுங்கள், எனக்கு அதைவிடக் கவலை வேறு. செர்ட்ரலினும் டிராமடாலும் சேர்ந்தால் வலிப்பு வரும் அபாயம் கூடும். செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுமீறி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தான நிலைக்கும் கொண்டுபோகலாம். இரண்டையும் ஒரே மருத்துவர் எழுதினாரா, வெவ்வேறு இருவரா என்று தெரியவில்லை. இந்த வாரமே எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஒருவரிடம் காட்டுங்கள். டிராமடாலையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், விடுபடும்போது உடம்பு படுத்தும். ஸ்டம்பில் தட்டினால் மின்னல் வெட்டுவதுபோல் ஓடும் வலியா, இல்லாத பாதத்தில் எரியும் வலியா, புண்ணின் வலியா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். முதலாவது நரம்பு முடிச்சாக இருக்கலாம், மூன்றாவது ஸாக்கெட் சரியானாலே போய்விடலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

மனநலச் சிகிச்சையைப் படிவத்தில் மறைத்தால் வாய்ப்புக் கூடும் என்ற எண்ணம் இந்தப் போட்டியைப் பொறுத்தவரை தலைகீழ். மனக்காயம் இங்கே தகுதிக்குள்தான் வருகிறது. மறைத்தால், அணி மருத்துவருக்கு உங்களைப் பற்றித் தெரியாது. கூட்டமும் விளக்கும் இரைச்சலுமாக ஒரு வாரம், தூக்கம் கெட்டு, நேர மண்டலம் மாறி, நீங்கள் தனியாகச் சமாளிக்க வேண்டிவரும். தெரிந்தால் அமைதியான அறை, கூட்டம் குறைவான வழி, இரவில் கூப்பிட ஓர் எண் என்று எளிதாக ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

இன்விக்டஸிலிருந்து பாராலிம்பிக்ஸ்

இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் 16 முன்னாள் படைவீரர்களை, ஆண்களும் பெண்களுமாக, சக்கர நாற்காலியில் அமரவைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1952இல் நெதர்லாந்து முன்னாள் வீரர்கள் வந்து சேர்ந்தார்கள், 1960இல் ரோமில் அது பாராலிம்பிக்ஸாக வளர்ந்திருந்தது. படையினருக்கென்றே தனியாக அமெரிக்காவில் வாரியர் கேம்ஸ் 2010இல் தொடங்கியது. அதைப் பார்த்துவிட்டு இளவரசர் ஹாரி 2014இல் லண்டனில் 13 நாடுகளோடு இன்விக்டஸைத் தொடங்கினார்.

ஆனால் ஒன்றில் பதக்கம் மற்றதற்கு நுழைவுச்சீட்டு ஆகாது. பாராலிம்பிக் பாதை உங்கள் நாட்டுப் பாராலிம்பிக் குழு வழியாகப் போகிறது. மருத்துவ ஆவணங்கள், எந்த ஊன வகையில் போட்டியிடலாம் என்று முடிவுசெய்யும் வகைப்படுத்துநரின் பரிசோதனை, போட்டியில் கண்காணிப்பு என்று வரிசையாக வரும். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இழந்து செயற்கைக்காலோடு ஓடுபவர் டி64 வகை. மனக்காயம் மட்டும் அங்கே தகுதி ஆகாது. வகையை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, பரிசோதனையில் வேண்டுமென்றே குறைத்துக் காட்டினால் தண்டனை உண்டு. தரமும் வேறு உலகம்: அதே டி64 வகையில் ஜெர்மனியின் மார்கஸ் ரேம் 2023இல் 8.72 மீட்டர் நீளம் தாண்டியிருக்கிறார். இன்விக்டஸிலிருந்து அங்கே போனவர்கள் இல்லாமல் இல்லை. 2014இல் பிரிட்டன் அணியின் தலைவராக இருந்த டேவிட் ஹென்சன், இரு கால்களையும் இழந்தவர், ரியோவில் 200 மீட்டரில் வெண்கலம் வென்றார்.

எலிசபெத் மார்க்ஸின் வரலாறு உங்களுக்கு இன்னும் பொருந்தும். அமெரிக்கப் படை வீராங்கனை. முதல் இன்விக்டஸில் நீந்த லண்டன் வந்தவர், நுரையீரல் செயலிழந்து பாப்வொர்த் மருத்துவமனையில் உயிர்காக்கும் இயந்திரத்தில் கிடந்தார். போட்டி அவர் இல்லாமலே முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து ஆர்லாண்டோவில் நான்கு தங்கம் வென்று, அதில் ஒன்றை அந்த மருத்துவமனைக்கே அனுப்பினார். அதே ஆண்டு ரியோவில் பாராலிம்பிக் தங்கம். ஒரு பதிப்பைத் தவறவிட்டால் வாசல் மூடிவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஓய்வூதியம்

ஓடினால் கால் முளைத்துவிட்டது என்று யாரும் சொல்லப்போவதில்லை. உறுப்பிழப்புக்கான சதவீதம் பெரும்பாலும் எந்த மட்டத்தில் வெட்டப்பட்டது என்பதை வைத்தே முடிவாகும், விளையாட்டு அதைத் தொடாது. கவனம் தேவைப்படுவது வேறு இடத்தில்: நடமாட்ட உதவித்தொகை, வேலை செய்ய இயலாமைக்கான தொகை, மனநலப் பாதிப்புக்கான மதிப்பீடு ஆகியவை உங்கள் அன்றாட இயக்கத்தை வைத்துக் கணக்கிடப்படுபவை, மறுமதிப்பீட்டுக்கு வரக்கூடியவை. "50 மீட்டருக்கு மேல் நடக்க முடியாது" என்று ஒரு படிவத்தில் எழுதிவிட்டு இன்னொரு பக்கம் ஓடும் காணொளி வந்தால் சிக்கல்தான், ஏனென்றால் அப்போது கேள்வி உங்கள் உடல்நிலை பற்றியதாக இருக்காது, உங்கள் நேர்மை பற்றியதாக மாறிவிடும். பழைய விண்ணப்பங்களின் நகலை எடுத்துப் படியுங்கள். நிலைமை மாறியிருந்தால் நீங்களே தெரிவித்துவிடுங்கள். முகாமுக்குப் பெயர் கொடுக்கும் முன் ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுத்தில் கேள்வி அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். பயிற்சி நாட்குறிப்பில் ஓடிய நேரத்தை மட்டும் எழுதாமல், மறுநாள் காலை ஸ்டம்ப் எப்படி இருந்தது, எத்தனை மணி நேரம் செயற்கைக்கால் போட முடியவில்லை என்பதையும் எழுதுங்கள். அரைமணி நேரம் முடிந்த ஒன்றை ஒருவரால் நாள் முழுக்கச் செய்ய முடியாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

தேர்வானால் பயணத்துக்கு இரண்டு சொற்கள். செயற்கைக்கால், மாற்று லைனர், சாக்ஸ், மருந்துகளும் அவற்றின் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டி தொலைந்தால் போட்டி தொலைந்தது. நீண்ட விமானப் பயணத்தில் செயற்கைக்காலைக் கழற்றி வைத்தால் ஸ்டம்ப் வீங்கி இறங்கும்போது நுழையாது. கழற்றினால் உடனே சுருக்குறை (ஸ்டம்பை வீங்கவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் உறை) மாட்டிக்கொள்ளுங்கள். முகாமோ போட்டியோ முடிந்த இரண்டாவது வாரத்துக்கு மனநல ஆலோசகரிடம் இப்போதே நேரம் வாங்கி வையுங்கள். மாதக்கணக்கில் ஒரு தேதியை நோக்கி ஓடியவர்களுக்கு அந்தத் தேதி கடந்ததும் வெறுமை வரும். தேர்வானவர்களுக்கும் வரும், ஆகாதவர்களுக்கும் வரும்.

உங்கள் மனைவி கேட்டது நல்ல கேள்வி. முகாமில் தொடக்கச் சமிக்ஞை எது, துப்பாக்கியா ஒலிபெருக்கியில் வரும் மின்னணு ஒலியா என்று முன்கூட்டியே கேளுங்கள், மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். காதடைப்பான் தீர்வு ஆகாது, சமிக்ஞை கேட்கவும் வேண்டுமே. ஆலோசகருடன் சேர்ந்து, பதிவு செய்த அந்தச் சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில், "தயார்" என்ற கட்டளைக்குப் பின் வருவதாகவே, கேட்டுப் பழகுங்கள். எதிர்பாராமல் வரும் சத்தம்தான் உங்களை உலுக்குகிறது. கட்டளைக்குப் பின் வருவது என்று உடம்புக்குத் தெரிந்தால் பலருக்குத் திடுக்கிடல் தணிகிறது. ஒலியைக் கூட்டுவது வாரக்கணக்கில் நடக்கட்டும். அன்று உங்களைப் பிடித்து உட்காரவைக்க வேண்டிவந்தால் என்ன சொல்லி அழைத்தால் நிதானம் வருகிறது என்று உங்கள் மனைவிக்குத்தான் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி அணி மருத்துவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.